எங்களுக்குப் பனி, உங்களுக்கு இல்லினாய்

பெரிய காஞ்சிபுரம்,
ஆவணி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி சிவராஜ் அவர்களுக்கு, வேலாயுதம் வணக்கத்துடன் எழுதுவது. காமாட்சியம்மன் புண்ணியத்தில் நானும் அம்சவேணியும் உடம்பால் நலம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என் மகள் துர்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

பிள்ளைகள் குடியிருக்கும் மிச்சிகனிலிருந்து ஏழு மணி நேரம் காரில் போய்த் தாங்கள் இல்லினாய் மாநிலத்தைப் பார்த்த நாற்பத்திரண்டு படங்களும் குடும்ப வாட்ஸப்பில் வந்து சேர்ந்தன. லிங்கன் குடியிருந்த வீட்டு வாசலில், அவருக்கு வாடகைக்கு விட்டவரே தாங்கள்தான் என்பது மாதிரி இடுப்பில் கைவைத்து நிற்கிறீர்கள். நிற்கட்டும். வீடியோவில் துர்கா, "மாமா, இந்த மேடு ஆயிரம் வருஷம் முன்னாடி இங்க இருந்த ஜனங்க கூடை கூடையா மண்ணு சுமந்து கட்டுனது" என்று அத்தனை பொறுமையாகச் சொல்கிறாளே, அதுதான் வயிறு எரிகிறது. எனக்கு அவள் அமெரிக்காவில் சொன்ன ஒரே சரித்திரம், "அப்பா, வெளிய போவாத, வழுக்கும்." தலைப்பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பு என்று போன வருஷம் ஜனவரியில் போனோம். மூன்று மாதமும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு அம்சவேணி பத்தியம் சமைத்தாள், நான் பால்பாட்டில் கழுவினேன். பேரன் நடக்கவும் ஆரம்பித்து, வெயிலும் அடிக்கிற இந்த வருஷ ஜூனில் தாங்கள் போய் இறங்கினீர்கள்.

படங்களைப் பார்த்த அம்சவேணி, "ஏங்க, அவங்க ஊரு ஊரா சுத்திக்கினு இருக்காங்க, நமக்கு இன்னா காட்டுனா உங்க பொண்ணு? பாத்திரம் கழுவுற சிங்க்கத்தான்" என்று டீயை நங்கென்று வைத்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயிரம் வருஷ மண்மேடு என்னடி, ஆயிரத்து முந்நூறு வருஷக் கற்கோயில் காட்டுறேன் வா என்று எலுமிச்சை சாதம், தலையணை சகிதம் ஆட்டோவில் கைலாசநாதர் கோயிலுக்குக் கிளம்பினேன். பத்து நிமிஷத்தில் பயணம் முடிந்தது. நடை சாத்தியிருந்தது.

"இன்னா சார், மத்தியானம் சாத்துவாங்கன்னு தெரியாதா? வெளியூரா?" என்றார் ஆட்டோக்காரர் வீரபத்திரன்.

பிறந்து வளர்ந்த ஊர், அந்தக் கோயிலுக்குள் ஒருநாளும் போனதில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? "ஆமாம்பா, வெளியூருதான்" என்றேன். அவ்வளவுதான், எல்லா வெளியூர்க்காரர்களையும்போல எங்களையும் நேராக ஒரு பட்டுக்கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே விரித்த சேலைகளில் இரண்டு என் தறியில் நெய்தவை சம்பந்தி! ஒரு பொடியன் எனக்கு ஜரிகை என்றால் என்னவென்று பாடம் எடுத்தான். எலுமிச்சை சாதத்தை அம்சவேணி வீட்டுக்கு வந்துதான் பிரித்தாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அடுத்த பிரசவம் எந்தப் பனியில் வந்தாலும் தங்கள் பொறுப்பு. பாட்டில் பிரஷ் இனி தங்கள் கையில். நாங்கள் வெயில் காலத்தில்தான் வருவோம், காரில் முன்சீட்டு எனக்கு.

சம்பந்தியம்மா மஹாலட்சுமிக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் ஆசிகள். துர்காவுக்கும் ஆசி உண்டு, கோபத்தோடு.

இப்படிக்கு,
வேலாயுதம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் துர்கா போன் செய்தாள். மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம். ஜனவரியில் நாள். "நீங்க பனியில அலைய வேணாம்பா, நாங்களே பாத்துக்கறோம்னு மாமா சொல்றாரு" என்றாள். சம்பந்தி, அந்தப் பேச்சே வேண்டாம். தங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. அம்சவேணி பிரசவ மருந்துக்குச் சுக்கு காயப்போட்டுவிட்டாள். பாட்டில் பிரஷ் சிங்க்குக்கு இடதுபக்க அலமாரியில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைத் தொடாதீர்கள்.