வெளியேற வழி இல்லாத ஷெல்

எதையாவது ஒழுங்குபடுத்தியே தீருவேன் என்று உட்காருகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

புதுமடத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள் (அல்லது அனுப்பிவிடுவார்கள்). கையில் கொடுத்திருந்தது ஒரு ஷெல். கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் அந்த வேலையைச் செய்து தரும் புரோகிராம். (ராமேசுவரத்து மாமி, ஷெல் என்றதும் நான் சிப்பிமாலை கோக்கிறேன் என்று நினைத்து இரண்டு கேட்டார்.)

அதில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. எது இல்லாவிட்டால் ஷெல்லே ஓடாதோ அதை மட்டும் ‘கோர்’ என்று உள்ளே வைத்து, மற்றதைத் தனித்தனி பிளக்-இன்களாக வெளியே எடுக்க வேண்டும். தேவைப்படும்போது ‘லோட்’ என்று தட்டி உள்ளே அழைத்துக்கொள்ளலாம்.

எடுக்க எடுக்க ஆர்வம் பிடித்துக்கொண்டது. வண்ணம் இல்லாமல் ஓடுமா? ஓடியது. பழைய கட்டளைகளை நினைவில் வைக்கும் பகுதியை எடுத்தால்? அப்போதும் ஓடியது. உம்மாவுக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. “இன்னைக்கு எதைப் பிடுங்குன?” என்று சீரியல் கதை கேட்பதுபோலக் கேட்பார்.

எக்ஸிட்டையும் எடுத்தேன். வெளியேறுவது கடைசியில் ஒரே ஒருமுறை செய்கிற காரியம்தானே. அதோடு நின்றிருக்கலாம். லோட்டும் ஒரு கட்டளைதானே என்று அதையும் பிளக்-இன் ஆக்கினேன். சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். திறந்தேன், கர்சர் அழகாக மினுங்கியது, லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் வீடியோ காலில் டீம் லீடுக்கும் மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும். லோட் தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. அப்போதுதான் உறைத்தது. லோட்டை உள்ளே கொண்டுவரவே லோட் வேண்டும்.

“பரவால்ல, வெளிய வந்துட்டு மறுபடி ஓட்டுங்க,” என்றார் லீட்.

எக்ஸிட் தட்டினேன். அதுவும் இல்லை. எக்ஸிட் எங்கே என்று கேட்டார்.

“பிளக்-இன்ல இருக்கு சார்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா என் முகத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினார். “இந்தா, வெளிய வந்துட்ட. இங்கன கெடக்குற பிளக்குக்கா இம்புட்டு நேரம் முழிச்ச?”

கால் பாதியில் அறுந்தது. தப்பு செய்ததும் போதாமல் முகத்தில் அடித்தாற்போல் துண்டித்துவிட்டேன் என்றுதானே நினைப்பார்கள். வேலை போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் லீடைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். லோட்டையும் எக்ஸிட்டையும் உள்ளே வைத்துவிட்டு மறுபடி காட்டச் சொன்னார். வேலை நிலைத்தது (நிரந்தரம் செய்தது மூன்று மாதம் தள்ளித்தான்).

இப்போது அந்த ஷெல்லில் வெளியேற இன்னொரு கட்டளையும் உண்டு, லீட் சேர்த்தது. ‘உம்மா’ என்று தட்டினால் எந்தக் கேள்வியும் கேட்காமல் மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், ‘உம்மா’ தட்டவா என்று வாப்பா என் காதில் கேட்பார். உம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

“என்னைய உள்ள வச்சிருக்கீகளா, வெளிய எடுத்துட்டீகளா?”

“உள்ளதான் உம்மா. நீ இல்லாம அது நிக்காது.”