சோபாவில் வெட்டிய ஃபில்டர்

சிநேகாவின் வண்டி மூன்றாவது சுற்றில் இருமியது. நாலாவதில் மூச்சை விட்டது.

திருப்போரூரைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே புழுதி பறக்கும் பந்தயத் திடல். சனிக்கிழமைப் பயிற்சி. விடிந்தால் சிறுவர் பைக் போட்டி. சிநேகா ஹெல்மெட்டைக் கழற்றி அப்பா ஞானதாஸைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு வண்டி ஓடும் பாப்பா. அப்பா கேரண்டி."

பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ஏர் ஃபில்டர் கருவாட்டுச் சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. கையளவு ஸ்பாஞ்ச்தான், ஆனால் இன்ஜினுக்கு மூக்கே அதுதான்.

"போன ஞாயித்துக்கெழமதானே லெமன் சோப்பு போட்டு, கைக்கொழந்தய குளிப்பாட்ற மாதிரி குளிப்பாட்டி மாட்டினேன்? வாரம் பூரா வண்டி இங்க திடல் ஷெட்டுலதானே நின்னுகினு கீது? எப்படி இவ்ளோ அழுக்கு?"

"கடக்காத்து தாஸு," என்றார் பக்கத்தில் நின்ற ரவிச்சந்திரன். "சும்மா நின்னாலே மண்ணு ஏறிடும்."

ரவிச்சந்திரன் மனை விற்பவர். முட்டளவு தண்ணீர் நிற்கும் இடத்தைக் காட்டி, 'நீர்வளம் உள்ள பூமி' என்று படியவைக்கிற வாய். அவர் மகள் ரக்ஷாவும் போட்டியில் இருந்தாள். இரண்டு வண்டிகளும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. சிநேகாவுடையது சிவப்பு, ரக்ஷாவுடையது நீலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"புதுசு வாங்கிப் போட்று."

"இப்ப ஆர்டர் போட்டா செவ்வாக்கெழம வருமாம் அண்ணாத்த."

"அப்ப கஷ்டந்தான்," என்று ரவிச்சந்திரன் மிகவும் வருத்தப்பட்டார்.

ஞானதாஸ் ஃபில்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஊரப்பாக்கத்துக்குத் திரும்பினார். கேரண்டி கொடுத்தவன் கடையை மூடக்கூடாது.

"சோப்புத் தண்ணில ஊற வைங்க," என்றாள் மனைவி ஹெலன்.

"அதுக்கு ஏது டைமு? பெட்ரோல்ல முக்கினா அழுக்கு பறந்துடும்."

அழுக்கு பறந்தது. கூடவே உள்ளே ஒட்டியிருந்த பசையும் பறந்தது. ஒன்றாயிருந்த ஸ்பாஞ்ச், அண்ணன் தம்பி மாதிரி பாகம் பிரித்துக்கொண்டு இரண்டாக நின்றது.

ஞானதாஸ் அசரவில்லை. ஊசி நூல் கேட்டு வாங்கி, ஸ்பாஞ்சை ஐந்து தடவையும் விரலை ஆறு தடவையும் குத்தித் தைத்து முடித்தார். அடுத்து ஃபில்டருக்குத் தடவும் எண்ணெய். அது திடல் ஷெட்டிலேயே தங்கிவிட்டது.

"நல்லெண்ண குடு."

"இன்னாங்க, வண்டிக்கா?"

"எண்ணன்னா எண்ணதானே?"

தடவி மொட்டைமாடியில் காயவைத்தார். நல்லெண்ணெய் வாசனைக்கு மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு வந்த ஒரு காக்கை ஃபில்டரைக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தது. ஞானதாஸ் துடைப்பத்தோடு மேலே ஏறுவதற்குள் தையல் பிரிந்தது. ஒரு பாதி காக்கையோடு போயிற்று. மறுபாதி அடுத்த வீட்டுச் சாக்கடையில் விழுந்தது.

"இட்லின்னு நெனச்சிகிச்சு போல," என்றாள் ஹெலன். "நல்லவேள, சட்னி கேக்கல."

ஞானதாஸ் கீழே இறங்கி வந்தார். கூடத்து சோபாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கம்மா வூட்டு சீரு. கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற."

"ஒம் பொண்ணுக்காக ஹெலன்."

"எம் பொண்ணுக்குன்னா எங்கம்மா வூட்டு சோபாவத்தான் அறுக்கணுமா? ஒங்கம்மா வூட்டு கட்டில் இன்னா பாவம் பண்ணுச்சு?"

கட்டில் மரம். சோபாதான் ஸ்பாஞ்ச். வெட்டினார். அவசரத்தில் ரோஜாப்பூ போட்ட உறைத்துணியும் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை, யாரும் வருவதற்கு முன்பே திடல் ஷெட்டுக்குப் போய் அதை மாட்டி, வண்டியை உதைத்தார். முகத்தில் தலையணையை அமுக்கினாற்போல் இன்ஜின் முனகி அடங்கியது. மறுபடி உதைத்தார். முனகல்கூட இல்லை.

பக்கத்தில் நீல வண்டி பளபளவென்று நின்றது.

ஞானதாஸ் ஜெபக்கூட்டம் தவறாதவர். ஆனால் பேரம் என்று வந்தால் மனிதன் முதலில் தன் மனசாட்சியிடம்தான் பேசிப் பார்ப்பான். 'அவருக்கு இல்லாத வசதியா? அடுத்த போட்டில ஜெயிச்சிக்கட்டும்' என்றார். மனசாட்சி கொஞ்சம் முறுக்கியது. 'எம் பொண்ணுக்கு வாக்கு குடுத்துட்டேன்' என்றார். படிந்துவிட்டது.

"கர்த்தாவே, மன்னிச்சிரும்," என்று கண்ணை மூடிக்கொண்டே நீல வண்டியின் ஃபில்டரை உருவிச் சிவப்பில் மாட்டினார். சோபாத் துண்டு நீலத்துக்குள் போயிற்று. மாட்டும்போது லேசாக லெமன் வாசனை அடித்தது.

'இந்தாளும் லெமன் சோப்புதானா!' என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

வாசலில் சந்திரம்மா. ஷெட்டைக் கூட்டி, ஓரமாக டீயும் விற்பவள். கையில் துடைப்பம். அவரைப் பார்த்தாள். இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். குனிந்து கூட்டத் தொடங்கினாள்.

போட்டியில் சிவப்பு வண்டி சீறிக்கொண்டு பறந்தது. சிநேகா இரண்டாவதாக வந்தாள். நீல வண்டி முதல் சுற்றைத் தாண்டவில்லை. ரக்ஷா வண்டியைத் தள்ளிக்கொண்டு அழுதபடியே வந்தாள். அந்த அழுகை ஞானதாஸின் நெஞ்சில் சோபா ஸ்பாஞ்சாக அடைத்தது.

ரவிச்சந்திரன் பக்க மூடியைத் திறந்தார். உள்ளே இருந்து ரோஜாப்பூ எட்டிப் பார்த்தது. மாட்டிக்கொண்டோம் என்றே ஞானதாஸ் நினைத்தார்.

ரவிச்சந்திரன் படக்கென்று மூடினார். இவர் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"இன்னா அண்ணாத்த ஆச்சு?" ஞானதாஸ் எப்படியோ கேட்டுவிட்டார்.

"கடக்காத்து தாஸு," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "மண்ணு ஏறிடுச்சு."

இப்படிப்பட்ட பெருந்தன்மைக்காரருக்கா துரோகம் செய்தோம்! ஞானதாஸுக்குக் கண் கலங்கியது. இன்று வேண்டாம், நாளை காலில் விழுந்து சொல்லிவிடலாம். அதற்குள் விஷயம் வெளியே போகக்கூடாது. நேராக டீக்கடைக்குப் போனார்.

"சந்திரம்மா, காலைல நீ பாத்தத யாராண்டயும் சொல்லிடாத. ஒன்ன கையெடுத்துக் கும்பிடறேன்."

சந்திரம்மா டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஏன் நைனா சொல்லப் போறேன்? வியாழக்கெழம அந்த ரவிச்சந்திரன் சாரு ஒன்னுத உருவி தன் வண்டில போட்டுகினு, தன் அழுக்கு ஃபில்டர ஒன் வண்டில மாட்டிட்டு போனாரே, அத ஒன்னாண்ட சொன்னனா?"