மச்சானுக்கு ஒரு வீடு

"கடைசி ஸ்டாப் பக்கம் வாடகை எல்லாம் எப்படிப்பா? எனக்கில்ல, என் மச்சானுக்கு" என்றார் தையல்காரர், கண்டக்டரின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தபடி.

குடியிருக்கும் வீட்டின் முன்னறைதான் தையல் கடை. வீட்டுக்காரர் வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டார். மாதம் முடிவதற்குள் கட்டுப்படியாகிற பகுதியாகப் பார்த்துக் குடி போயாக வேண்டும். ஆனால் தையல்காரன் இடம் மாறுகிறான் என்று தெரிந்தால், துணி கொடுத்த அத்தனை பேரும் அன்றைக்கே வாசலில் நிற்பார்கள். பாதிச் சட்டைகளுக்கு இன்னும் கை வைக்கவில்லை. அதனால்தான் மச்சான்.

தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கும் அந்த மச்சானிடமும் உண்மையைச் சொல்ல முடியாது. "உங்க அக்காவை ராணி மாதிரி வெச்சுக்குவேன்" என்று கல்யாணத்தன்று வாக்குக் கொடுத்ததே அவனிடம்தான்.

"வாடகைக்கு ஒரு கணக்கு இருக்குண்ணே" என்றார் கண்டக்டர். "ஒவ்வொரு ஸ்டாப்பா தள்ளிப் போகப் போகக் குறையும். கடைசி ஸ்டாப்ல பாதிதான். அங்க ஒரு வீடுகூடக் காலியா இருக்கு."

"அதையும் தாண்டிப் போனா?"

"அவங்களே நமக்குக் குடுப்பாங்க. ஆனா பஸ் கிடையாது."

கண்டக்டருக்கு நல்ல மனசு. குரல் அதைவிடப் பெரிசு. மறுநாள் பஸ் முழுக்க டிக்கெட்டோடு சேர்த்து மச்சானின் கஷ்டத்தையும் கொடுத்தார். சாயங்காலம் தையல் கடைக்கு இரண்டு குண்டான், ஒரு போர்வை, கம்பி நீட்டிய குடை ஒன்று வந்து சேர்ந்தன.

"யாருக்கு இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்கு."

"அவனுக்கு என்ன கேடு? நல்லா சம்பாதிக்கிறவனைப் பிச்சைக்காரனாக்கிட்டீங்களே! போய்ச் சரி பண்ணுங்க."

தையல்காரர் ஓடிப்போய்க் கண்டக்டரைப் பிடித்தார். "மச்சானுக்குப் பணக் கஷ்டமெல்லாம் இல்லப்பா. கொஞ்சம் ஒதுக்குப்புறமா, அமைதியா இருக்கணும்னு நினைக்கிறான். அவ்வளவுதான்."

அந்தப் பேச்சும் பஸ் ஏறியது. தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது, 'கவுன்டர்காரர் யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடுகிறாராம்' என்று ஆகியிருந்தது.

மச்சான் வேலை முடிந்ததும் நேராக வந்தான்.

"மாமா, நான் எங்கேயோ ஓடப் போறேனாமே? எங்கன்னு சொன்னீங்கன்னா சட்டை எடுத்து வெச்சுக்குவேன்."

"யாருடா சொன்னா?"

"எங்க ஆபீசர். ஸ்டாம்பு டிராயருக்குப் புதுப் பூட்டு போட்டுட்டு, அப்புறம்தான் சொன்னாரு."

"அது... வேற மச்சான்டா."

"உங்களுக்கு நான் ஒருத்தன்தானே?"

"தூரத்துச் சொந்தத்துல ஒருத்தன்."

"அக்கா, எனக்குத் தெரியாம உனக்கு வேற தம்பி இருக்கானா?"

"உன் ஒருத்தனையே சமாளிக்க முடியல" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை.

மச்சான் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். தையல்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

"போச்சு" என்றாள் மனைவி. "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்."

மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. மறுநாள் மத்தியானம் தையல்காரர் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கினார். கண்டக்டர் சொன்ன வீடு சின்னதுதான். ஆனால் கிழக்கே பெரிய ஜன்னல். அதன் கீழே தையல் மிஷினைப் போட்டு, பக்கத்தில் ஸ்டூலையும் வைத்து, மனத்துக்குள்ளேயே இரண்டு சட்டை தைத்தும் முடித்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வீடு காலின்னு கேள்விப்பட்டேன்மா. எனக்கில்ல, என் மச்சானுக்கு."

அந்த அம்மாள் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையிலேயே ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டாரே."

தையல்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா அது?"

"தபால் ஆபீஸ்ல வேலையாம். அவருக்கில்லையாம், அக்கா வீட்டுக்காரருக்காம். ரொம்ப ரோஷக்காரராம். 'வந்து மச்சானுக்குத்தான் வீடுன்னு சொல்லுவாரு, நம்புற மாதிரி தலையாட்டிடுங்க'ன்னு கேட்டுக்கிட்டாரு. ஆட்டட்டுமா?"