எதிர்வீட்டுக்குப் போன அயனி இயந்திரம்

நான் நியாயம் கேட்கிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

என் பெயர் சிராஜுதீன். வயது நாற்பத்தாறு. காலாப்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். உலகின் ஆரம்பகால வீடியோ கேம் ஒன்று ஐம்பத்தெட்டாம் வருடம் ஒரு அணு ஆராய்ச்சிக்கூடத்தில், ஆஸிலோஸ்கோப் திரையில் டென்னிஸாக ஆடப்பட்டது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நிலவுக்கு மனிதர்களை ஏற்றிப்போன கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம் எவ்வளவு? சுமார் நான்கு கிலோபைட். இதை என் மனைவி கனீஸ் பாத்திமாவிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன்.

"நாலு கிலோ ஞாபகத்த வச்சிக்கிட்டு நெலாவுக்கே போய்ட்டு வந்துட்டாங்க. உங்கள நாலு சாமான் வாங்கியாரச் சொன்னா ரெண்டு மறந்துட்டு வர்றீங்க" என்றாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு விஞ்ஞான மனம் இருபது வருடமாகக் குடியிருக்கிறது.

போன வருடம் மச்சானின் நிக்காஹ். ஹஸ்ரத் குத்பா ஓதுகிறார். பள்ளிவாசலே நிசப்தம். அப்போது என் சட்டைப் பையிலிருந்த போன் 'ஹெட்ஷாட்!' என்று கத்தியது. கேமை மூட மறந்துவிட்டேன், அவ்வளவுதான். மாப்பிள்ளை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தீர்ப்பு வந்தது. "இனிமே என் வீட்டுக்குள்ள கேம் கீம்னு எதுவும் இருக்கக் கூடாது."

பதினோரு மாதம் பொறுத்தேன். பன்னிரண்டாவது மாதம் புரட்சி செய்தேன். டி.வி.யில் செருகி விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியை ஆய்வகத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு, கன்சோலைத் துணிப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, ஹாலில் வைத்தேன்.

"என்னங்க இது?"

"காத்த சுத்தம் பண்ற மிஷின்."

"ஃபேன் மாதிரியா?"

"ஃபேன் காத்தத் தள்ளும். இது காத்தத் திருத்தும். நெகட்டிவ் அயனி வருது இதுல."

"நெகட்டிவ்னா நல்லதில்லையே?"

"கொரோனாவுல எனக்கு நெகட்டிவ்னு வந்தப்ப தெருவுக்கே ஸ்வீட் குடுத்தியா இல்லையா?"

யோசித்தாள். விடவில்லை. "இந்த ரெண்டு கைப்பிடி எதுக்கு?"

"உடம்புல சேர்ற நிலைமின்சாரத்த எறக்குறதுக்கு. கையில புடிச்சிக்கிட்டு ஒக்காந்தா எறங்கிடும்."

"ரெண்டு எதுக்கு?"

"புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு."

"டி.வி.யில செருகுற ஒயரு?"

"காத்து எவ்ளோ சுத்தம்னு ஸ்க்ரீன்ல காட்டும்."

"மாஷா அல்லாஹ்" என்றாள். அந்த இடத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இருபது வருடத்தில் அவள் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சுல்தான்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். நான் இரண்டு மணி நேரம் விளையாடினேன். மூன்றாவது கட்டம் வரை போனேன். சொர்க்கம் என்பது ஒரு சோபாவும் ஒரு கன்சோலும்தான் என்று அன்று புரிந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வருகிறேன். டி.வி. இருக்கிறது. பக்கத்தில் கன்சோலைக் காணோம்.

"கனீஸ்! மிஷின் எங்க?"

"எதிர்வீட்டு அஞ்சலாட்சி அக்காவுக்கு ஒரே தும்மல். பாவமா இருந்துச்சி. குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? அது நம்ம வீட்டுக் காத்துக்குன்னு செட் பண்ணது!"

"ஏன், அவங்க வீட்டுல வேற காத்தா அடிக்குது? எல்லாம் ஒரே கடக்காத்துதான?"

இயற்பியலை ஒதுக்கிவைத்துவிட்டு, நாலு நாள் கழித்து எதிர்வீட்டுக்கே போனேன்.

அஞ்சலாட்சி அக்காவுக்கு வயது அறுபத்து நான்கு. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்கு 'சொல்தா'. எங்கள் முல்லா வீதியில் 'சொல்தா வீடு' என்றால் அதுதான். சொல்தா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. பாரிசில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த டி.வி. மட்டும் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த டி.வி.க்குக் கீழே, பூப்போட்ட துணி விரித்து, என் கன்சோல்.

"மெர்சி தம்பி, ரொம்ப நன்றி. இது வந்ததுலேர்ந்து ஒரு தும்மல் இல்ல. தங்கமான மிஷினு."

"சந்தோஷம்க்கா. சர்வீஸ் பண்ணணும். எடுத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் கனீஸ் பாத்துக்குது தம்பி. தெனம் மூணு மணிக்கு வந்து தொடச்சிட்டுதான் போவுது."

மூணு மணிக்கா? கனீஸ் காலையில் நர்சரிப் பள்ளியில் பாடம் எடுப்பவள். மதியம் வந்தால் கால் வலி என்று படுத்துவிடுவாள் என்றல்லவா நினைத்திருந்தேன்? என் பொருளைத் துடைக்க மட்டும் கால் வலிக்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அடுத்த அஸ்திரத்தை எடுத்தேன்.

"கனீஸ், அந்த மிஷின் ஆபத்து. ரொம்ப நாள் ஒரே எடத்துல ஓடுனா அயனி தலைகீழா மாறிடும். முடி கொட்டும்."

"அய்யோ!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப ஏன் வச்சிருக்கணும்? நாளைக்கு முனிசிபாலிட்டி வண்டி பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுக்க வருது. போட்டுடுறேன்."

"வேணாம் வேணாம்! கொட்டுன முடி திரும்ப வளந்துடும்."

"கொட்டும்னீங்க?"

"கொட்டும். அப்புறம் வளரும். முன்னவிட அடர்த்தியா."

"அப்ப மொதல்ல நீங்கதான அது கூட ஒக்காரணும்?" என்று என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். என் தலையைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

மூன்று வாரம் போனது. நான் மெலிந்தேன். கல்லூரியில் ஆஸிலோஸ்கோப்பைப் பார்த்தாலே கண் கலங்கியது.

ஒரு வியாழக்கிழமை, கல்லூரியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மதியமே விடுமுறை விட்டார்கள். பஸ் பிடித்து மூன்றரைக்கு முல்லா வீதியில் இறங்கி நடந்தேன். சொல்தா வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது அஞ்சலாட்சி அக்காவின் குரல் கேட்டது.

"அத்தான்... அத்தான்..."

ஜன்னலோரம் நின்றுவிட்டேன். அத்தான் போய்ப் பதினோரு வருடம் ஆயிற்றே! யாரை அழைக்கிறார்?

"அத்தான்ஸியோன்! கனீஸ், அத்தான்ஸியோன்! பின்னால வர்றான் பாரு!"

அது பிரெஞ்சு வார்த்தை. 'கவனம்' என்று அர்த்தம். இது எனக்குப் புரிவதற்குள் அடுத்த குரல் வந்தது. என் மனைவியின் குரல்.

"நீங்க லெஃப்ட்ல கவர் குடுங்கக்கா! நான் ரீலோட் பண்ணிக்கிறேன்!"

டமால். டுமீல்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சோபாவில் இரண்டு பெண்கள். கையில் என் இரண்டு கைப்பிடிகள். சுவர் முழுக்க ஒரு கோட்டை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தோராவது கட்டம் என்று மூலையில் எழுதியிருந்தது. நான் மூன்றில் நின்றவன்!

"கனீஸ்!"

"செத்த இருங்க. பாஸ் ஃபைட்டு, பெரிய வில்லன் வந்துட்டான்." திரும்பவே இல்லை.

நின்றேன். நாலு நிமிடம் நின்றேன். என் பொருளுக்கு முன்னால், செருப்பு வைக்கும் இடத்தில், தண்ணி கேன் போட வந்தவன் மாதிரி நின்றேன். கோட்டை விழுந்தது. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். அதன் பிறகே திரும்பினாள்.

"என்ன இது?" என்று கத்தினேன்.

"நிலைமின்சாரம் எறக்குறோம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. டி.வி.யில செருகுற காத்து மிஷின் எந்த ஊர்லங்க இருக்குது? ஆனா நீங்க அவ்ளோ அழகா வெளக்குனீங்க. பாதியில நிறுத்த மனசு வரல."

"கேமே கூடாதுன்னு சட்டம் போட்டவ நீ!"

"என் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு போட்டேன். இப்பவும் என் வீட்டுக்குள்ள இல்லையே?"

அஞ்சலாட்சி அக்காவைப் பார்த்தேன். "நீங்களுமாக்கா? தும்மல்னீங்களே!"

"எனக்கேதுப்பா தும்மல்? பாரிஸ்லேர்ந்து புள்ள போன் பண்ணா ரெண்டு நிமிஷம். மீதி நேரம் பூரா செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கன்சோல்னு கனீஸ் பேரு சொன்னப்பவே எனக்குப் புடிச்சிப்போச்சி. பிரெஞ்சுல 'கொன்சொலே'ன்னா தேத்துறதுன்னு அர்த்தம் தம்பி."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஒரு நிமிடம் கோபம் இறங்கிவிட்டது. உடனே ஏற்றிக்கொண்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவரைத் தேற்றிய கன்சோல் என்னுடையது. என்னைத் தேற்ற யார் இருக்கிறார்கள்?

"ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா மிஷின என் கல்லூரிக்கு எடுத்துட்டுப் போய்டுவேன். தோத்தா பேசவே மாட்டேன்."

"யாரோட?" என்றாள் கனீஸ்.

பயில்வான் பலவீனமான எதிரியைத்தான் தேர்ந்தெடுப்பான். நான் அறுபத்து நாலு வயதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. "பாருங்கக்கா, இதோட ஃப்ரேம் ரேட் நொடிக்கு அறுபது. அதாவது மனுஷக் கண்ணு..." என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அலே!" என்றார் அக்கா, பிரெஞ்சில் 'கிளம்பு' என்று.

நான் செத்துப்போனேன். மறுபடி பிறந்தேன். மறுபடி செத்தேன். கைப்பிடியில் எந்தப் பொத்தான் எதற்கு என்று பார்க்கக் குனிந்த நேரத்தில் மூன்றாம் முறையும் செத்தேன். மொத்தம் ஒன்றரை நிமிடம்.

"வெளையாட்டப் பத்தி எல்லாம் தெரிஞ்சி வச்சிருக்குது தம்பி" என்றார் அக்கா கனீஸிடம், இரக்கத்தோடு. "வெளையாடத்தான் தெரியல."

கௌரவம் போன பிறகு மனிதனுக்கு மிஞ்சுவது மனுப் போடுவதுதான். "ஞாயித்துக்கிழமையாவது நானும் வரலாமா?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஆன்லைன் மேட்ச்சுங்க. மூணாவது ஆளா பாரிஸ்லேர்ந்து அக்கா மருமவ சேந்துட்டா" என்றாள் கனீஸ். என் முகம் விழுந்ததைப் பார்த்து மனம் இளகினாள். "சரி, பாவம். டீம்ல உங்களையும் சேத்துக்குறோம். நடுவுல எந்திரிச்சிப் போவ முடியாது பாருங்க, அதனால நீங்க டீ போட்டுக் குடுங்க."

மூன்று மாதமாக நான் அந்த அணியில் இருக்கிறேன். இதுவரை கைப்பிடியைத் தொட்டதில்லை. சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்? இதையெல்லாம் உட்கார்ந்து எழுத எனக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? போன வாரம் டீயில் சர்க்கரை கூடிப்போய்விட்டதாம். என்னை இரண்டு மேட்ச்சுக்கு சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.