நான் துத்தநாகத்தைப் பிடுங்கிய கதை

சோம்பேறி செய்யும் தப்புக்கு ஓர் எல்லை உண்டு, பாதியில் படுத்துவிடுவான். அக்கறைக்காரன் கடைசிவரை செய்து முடிப்பான். நான் இரண்டாவது ரகம்.

அப்போது திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளன். அப்பா மாரிமுத்து, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். (எட்டாவதைத் தாண்டியதும் நான்தான்.) அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வருவதாக இருந்தது. என் சோதனை திருப்தியானால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு. இல்லையென்றால் மாதக் கடைசியோடு வேலையும் போகும்.

சோதனை சிக்கலானதல்ல. டி.என்.ஏ.வைப் பிடிக்கிற புரதம் ஒன்று. அதற்கு விரல் போல மூன்று மடிப்புகள். ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஒரு துத்தநாக அணு, அதாவது ஜிங்க், உட்கார்ந்து வடிவம் குலையாமல் பார்த்துக்கொள்ளும். விரல்கள் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் நுழைந்து, எழுத்துகளைத் தடவிப் பார்த்து, தமக்கு உரிய இடம் வந்ததும் இறுக்கிப் பிடிக்கும். கலவையை ஜெல் என்கிற கூழ்ப் பலகையின் மேல்முனையில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், பிடிபட்ட டி.என்.ஏ. பாரம் கூடி மேலேயே தங்கிவிடும். பிடிபடாதது அடிவரை ஓடிவிடும்.

முதல்நாள் கலவை தயாரித்தேன். டி.என்.ஏ.வை நொதிகள் தின்றுவிடாமலிருக்கப் பல சோதனைகளில் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். இந்தச் செய்முறைத் தாளில் அது இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று முடிவுசெய்து, தாராளமாக ஊற்றினேன். (அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

வெள்ளிக்கிழமை என் மூன்று விரல்களை வளைத்து, புரதம் எப்படிப் பிடிக்கிறது என்று குழுவுக்கு நடித்தே காட்டினேன். பின்னால் திரையில் அப்போதுதான் எடுத்த ஜெல்லின் படம். குழுவில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்க விரல் நல்லாப் பிடிக்குது. படத்துல ஒண்ணும் பிடிக்கலையே."

திரும்பிப் பார்த்தேன். டி.என்.ஏ. மொத்தமும் அடியில் கிடந்தது.

என் வழிகாட்டி ஸ்ரீரங்கத்து அம்மாள். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"கலவையில என்ன சேர்த்தே?"

"ஈ.டி.டி.ஏ. மேடம்."

"யார் சேர்க்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானாத்தான்."

"அது உலோகத்தைக் கண்டா விடாதுன்னு தெரியுமோன்னோ?"

"தெரியும் மேடம்." (பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்.)

"அப்ப ஜிங்க் என்னப்பா? கட்டையா?"

குழுவில் ஒருவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

பதிவு கிடைக்கவில்லை. மேடம் தனியே பேசி எனக்கு ஆறு மாத அவகாசம் வாங்கிக்கொடுத்தார். அதற்குள் தாளில் எழுதியபடி மட்டும் செய்தேன். புரதம் பிடித்தது, பதிவும் ஆயிற்று.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா முழுக்கக் கேட்டார். இரண்டு சந்தேகம் கேட்டார். பிறகு சொன்னார்:

"மூட்டை தூக்குறவன் கையில இருந்த கொக்கிய நீயே புடுங்கிக்கிட்ட. அப்புறம் மூட்டை எப்படிப்பா ஏறும்?"

என் ஆய்வை இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் விளக்கியதில்லை, நான் உட்பட.

மறுநாளே அதை அவர் மார்க்கெட்டில் சொல்லிவிட்டார். நான் பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. இன்றும் அங்கே யார் தோளிலிருந்தாவது மூட்டை நழுவினால், சுமை தூக்குகிறவர்கள் அப்பாவைத்தான் கேட்கிறார்கள்:

"என்ன மாரி, உம் மகன் இந்தப் பக்கம் வந்துட்டுப் போனானா?"