மாமனார் காரின் நீலம்

பூலாம்பாடி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அரியலூர் மச்சான் கிருஷ்ணமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் தங்கை உண்ணாமலையின் கணவன் பூவரசன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், தங்கள் தங்கை, கல்யாணப் பெண் பிரவீணா, மாமாவின் கார் ஆகிய நால்வரும் சுகம். அவ்விடம் தாங்கள், அக்கா ஜெகதாம்பாள், இரண்டு லாரிகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் போனில் பேசினால் சமையல்கட்டு வரை கேட்கும். அதோடு நான் பெயின்ட் என்று ஆரம்பித்தாலே "டவர் இல்ல மாப்ள" என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் பிரவீணாவுக்குப் பெரம்பலூரில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போகும் வழக்கம் நம் இரண்டு பக்கத்திலும் இல்லை. ஆனால் இந்தத் தாய்மாமனுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. மாமா காலமான பிறகு அவருடைய நீல அம்பாசிடரை வாடகைக்கு விடத் தோதாக இருக்கும் என்று நீங்கள் வெள்ளை அடித்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் அடித்தீர்கள். உண்ணாமலை தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "எங்கப்பா காருக்குக் கோடி போத்திட்டாங்க" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏறியவள்தான். அன்றிலிருந்து இந்த வீட்டில் உங்களுக்கு அண்ணன் என்ற பெயர் போய்விட்டது, லாரிக்காரர் என்றுதான் பெயர். "லாரிக்காரர் வூட்டுல ஏதோ விசேஷமாமே" என்பாள், யாரோ மூன்றாம் மனுஷரைச் சொல்வது போல. அதனால்தான் போன ஐப்பசியில் காரை எனக்குக் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். நீங்களும் பெரிய மனசு பண்ணி, உங்கள் டிரைவரை வைத்து ஓட்டி அனுப்பினீர்கள். கார் வந்து நின்றதும் உண்ணாமலை அதைச் சுற்றி வந்து, "பழைய கலரு வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். யாரிடம் பேசிக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. உங்களிடம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆகவே மச்சான், அந்தக் காரில், அந்தப் பழைய நீலத்தில், நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். இது நடந்தால் அண்ணன் தங்கை பேச்சு வந்துவிடும், நடக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் வராது என்று எனக்குப் பட்டது.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நிறம் என்ற இடத்தில் நீலம் என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். பெரம்பலூர் பெயின்ட் கடைக்காரர் எந்த நீலம் சார் என்று கேட்டு ஒரு அட்டையை விரித்தார். உலகத்தில் இத்தனை நீலம் இருப்பதை எனக்கு இந்த வயசு வரை யாரும் சொல்லவில்லை மச்சான். டவுன் பஞ்சாயத்தில் தண்ணீர் வரி வசூலித்தே காலத்தை ஓட்டியவன் நான், எனக்குத் தெரிந்த ஒரே நீலம் ரசீதில் குத்துகிற முத்திரை மைதான். அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஊருக்குத் திரும்பும் பஸ் போயிருந்தது, அதற்கடுத்த பஸ்ஸும் போயிருந்தது. வீட்டுக்கு வந்து உண்ணாமலையிடம் எந்த நீலம்மா என்று கேட்டேன். அவள் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அப்பா கூட்டிட்டுப் போவாரு. சூரியன் எறங்குன பொறவு, வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி, வானத்துல ஒரு கலரு வந்து நிக்கும். அந்தக் கலருதாங்க. மேலேர்ந்து பாத்தா கார் எங்க நிக்குதுன்னே தெரியாது."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. அடுத்த நாளே அட்டையைக் கடன் வாங்கிக்கொண்டு ரஞ்சன்குடிக்குப் போனேன். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து அட்டையை வானத்துக்கு நேரே பிடித்தேன். சூரியன் இறங்கியது. வானம் ஒரு நீலத்துக்கு வந்தது, நான் அதைத் தேடி விரலை வைப்பதற்குள் அது வேறு நீலமாகிவிட்டது, அதைத் துரத்திப் போனால் அதுவும் போய்விட்டது. காவலாளி வந்து கதவைப் பூட்டணும், கிளம்புங்க என்றார். மறுநாளும் போனேன். பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. காவலாளியும் பக்கத்தில் உட்கார்ந்து, அதோ அதுதான் சார், இல்ல போயிடுச்சு சார் என்று உதவி செய்ய ஆரம்பித்தார். கீழே ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தம் தேய்ந்து தேய்ந்து, வயலெல்லாம் மங்கி, அட்டையும் வானமும் என் கையும் ஒரே நிறமாகிற ஒரு நேரம் வரும் மச்சான். அப்போது எனக்குப் பசியும் இருக்காது, கல்யாணச் செலவும் நினைவுக்கு வராது. கடைசியில் நானும் காவலாளியும் ஒரே சமயத்தில் ஒரே கட்டத்தில் விரல் வைத்தோம். அதுவே முகூர்த்தம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

கடைக்காரர் விலை சொன்னார். கார் முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்துப் பரவாயில்லையே என்றேன். லிட்டருக்கு என்றார். அந்தக் காசில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கலாம், அது வளரும், குட்டி போடும். பெயின்ட் குட்டி போடுமா? ஏங்க இவ்வளவு விலை என்று கேட்டதற்கு, வெள்ளை மலிவு சார், இந்த மாதிரி நீலம்தான் கூட என்றார். நீங்கள் வெள்ளை அடித்ததில் இருந்த நியாயம் எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. ஆனால் வீட்டில் சொல்லவில்லை, எனக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறது. அதோடு விட்டதா? நீலத்துக்கு அடியில் பூச ஒன்று, பள்ளம் நிரப்ப ஒன்று, கரைக்க ஒன்று, கெட்டியாக்க ஒன்று, மேலே பளபளப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அரைக் குட்டி, முக்கால் குட்டி. பெயின்டர் அமாவாசை என்னைச் சமாதானப்படுத்தினார்: "கலரு கொஞ்சந்தான் சார், மத்ததெல்லாம் அதைப் புடிச்சு நிக்க வைக்கிறதுக்கு." வேண்டாம் என்று திரும்பி வந்திருப்பேன். அதற்குள் கலர் கலக்குகிற மெஷினைப் போட்டுவிட்டார்கள். கறுப்பில் ஒரு சொட்டு, பச்சையில் ஒரு சொட்டு, வெள்ளியில் ஒரு சொட்டு என்று விழ விழ, டப்பாவுக்குள் ரஞ்சன்குடிச் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் காசு எண்ணிக் கொடுத்தது எனக்கு நினைவே இல்லை. பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட்டு அம்மா பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டுவிட்டுத்தான் குனிந்து பார்த்தார்.

இனிமேல்தான் கூத்து. எங்கள் வாசல் மேடுபள்ளம், காரை நிறுத்திப் பெயின்ட் அடிக்கத் தோதுப்படாது. பக்கத்து வயல்காரர் அரியமுத்துவின் சிமென்ட் களம் பலகை போல இருந்ததால் அவரைக் கேட்டு அங்கே நிறுத்தினோம். தை மாசம் அது மக்காச்சோளம் அடிக்கிற களம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அந்த வாரம் நான் நீலத்தில் இருந்தேன். அமாவாசை முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் அடித்து முடித்தார். கார் ஈரமாக, ஆகாயம் மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்து ரோட்டு முனையில் சோளம் அடிக்கிற மெஷின் திரும்புகிறது. கை கால் எல்லாம் ஆட்டித் தடுத்தேன். அரியமுத்து நல்ல மனுஷர், ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னார், இன்னிக்கு வுட்டா மெஷினு இனிமே மாசி கடைசிலதான் கெடைக்கும் என்று. அவர் சோளம் அவருக்கு. மெஷினைப் போட்டார்கள். சக்கை பறந்தது, தவிடு பறந்தது, காற்று நேராக எங்கள் பக்கம். சற்று நேரத்தில் மாமாவின் காருக்கு மேலெல்லாம் ரோமம் முளைத்துவிட்டது. அமாவாசை களத்திலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீ கொண்டுவந்த உண்ணாமலை பார்த்தாள், டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. அதே நீலம், அதே டப்பா, விலை மட்டும் அதற்குள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. எப்படி வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கடன் வாங்கவில்லை, கல்யாணப் பணத்தில் கை வைக்கவில்லை. கார் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இப்போது எங்கள் வாசலில் தார்ப்பாய்ப் பந்தலுக்குள் நிற்கிறது. சாயங்காலம் தார்ப்பாயை எடுத்துவிட்டால், விளக்கு வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கார் எங்கே என்று தெரியாது, கண்ணாடியும் கைப்பிடியும் மட்டும் அந்தரத்தில் நிற்கும். உண்ணாமலை தினமும் அந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்கிறாள். கேட்டால் துணி எடுக்க வந்தேன் என்கிறாள், கொடியில் துணி இருக்காது.

போன முறை நீங்கள் போனில், இஞ்சின் எப்படி இருக்கு மாப்ள என்று கேட்டீர்கள். அதைப் பற்றி நீங்கள் துளிக்கூடக் கவலைப்பட வேண்டாம். புகை இல்லை, உதறல் இல்லை, எண்ணெய் ஒழுகல் இல்லை. பக்கத்தில் காதை வைத்தாலும் ஒரு சத்தம் கேட்காது. மண்டபத்துக்குப் போகிற ரோடு நல்ல இறக்கம் என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் ஆளோ வண்டியோ எதுவும் கொண்டுவர வேண்டாம். முக்கியமாக லாரி வேண்டாம். மண்டபத்து வாசலில் லாரி நின்றால் உள்ளே வர மாட்டேன் என்று உங்கள் தங்கை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். பஸ் ஏறி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தால் போதும். வேட்டி வெள்ளையாக இருக்கலாம், அதற்கு ஆட்சேபம் இல்லை.

அக்காவுக்கு எங்கள் கும்பிடு. பிள்ளைகளுக்கு அத்தை மாமாவின் ஆசிகள். எல்லோரையும் மாசியில் கண்குளிரப் பார்க்கக் காத்திருக்கும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
பூவரசன்

பி.கு.: மேலே எழுதியதை அப்படியே தள்ளிவிடுங்கள் மச்சான். இதை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் அரியமுத்து வயலுக்குத் தண்ணீர் இறைக்க இஞ்சினைப் போட்டார். சமையல்கட்டிலிருந்து உண்ணாமலை எழுந்து வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

"இது அப்பா கார் சத்தங்க" என்றாள். "ரயிலடி முக்குல திரும்புறப்பவே கேக்கும். நானும் அண்ணனும் கேட்டைத் தொறக்க ஓடுவோம்."

நான் உறையை ஒட்டுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். அவள் சோளக்கொல்லைப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு நேராகப் போய் காரின் முன்மூடியைத் தூக்கினாள். உள்ளே தரை தெரிந்தது. தரையில் எங்கள் கோழி மேய்ந்துகொண்டிருந்தது, அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இரண்டாம் தடவை பெயின்ட் வாங்க இஞ்சினை அரியமுத்துவுக்குக் கொடுத்தது, அவள் ஜவுளி எடுக்கப் போன அன்று கழற்றியது, மண்டபத்துக்கு இறக்கத்தில் உருட்டிவிடலாம் என்று இருந்தது, எல்லாம். அடி விழும் என்றுதான் நின்றேன். அவள் கோழியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணனை லாரி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. நல்ல கயிறா கொண்டாரச் சொல்லுங்க. எங்கப்பா வண்டியை எங்கண்ணனைத் தவிர யாரும் இழுக்கக் கூடாது."

அண்ணன் என்றுதான் சொன்னாள் மச்சான். நான் சரியாகக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி மறுபடி ஒரு தடவை சொல்ல வைத்தேன். ஆகவே லாரி அவசியம் வர வேண்டும். ஆனால் வரும்போது நன்றாகக் கழுவிக் கொண்டு வாருங்கள். உங்கள் ஊர்ச் சுண்ணாம்புத் தூசி இந்த நீலத்தில் படிந்தால், மறுபடி பெயின்ட் வாங்க விற்பதற்கு இனிமேல் சக்கரம்தான் இருக்கிறது.