இருபத்தாறு வருடம் கழித்து உள்ளே போன பந்து

கால்பந்துச் சரித்திரத்தை ஒரே உதையில் திருத்திவிடுவது என்று கம்பத்தார் முடிவு செய்தார். நாளும் குறித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி.

திருத்த வேண்டியது வீட்டிலும் ஒன்று இருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள். அது உடைந்து மூன்று வருடமாகிறது. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்க மனைவி பாடுவாள். கல்லூரிக்குப் போகும் மகள் ஃபோனில் பாட்டு வைப்பாள். கம்பத்தாருக்கோ பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. இருமுவார். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, எதிர்வீட்டு டாக்டரம்மா தாமாகவே மருந்து கொடுத்தனுப்பினார். கம்பத்தாரும் குடித்துப் பார்த்தார். தாழ்ப்பாள் குணமாகவில்லை.

அவர் அச்சகத்தில் பைண்டர். கம்பத்தார் என்பது ஊர் வைத்த பெயர். இருபத்தாறு வருடத்துக்கு முன் அச்சகத்துக்கும் ரொட்டிக் கம்பெனிக்கும் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் பெனால்டி. இவர் ஓடி வந்து அடித்தார். பந்து கம்பத்தில் மோதி அவர் காலடிக்கே திரும்பி வந்தது. பந்து அன்றே திரும்பிவிட்டது. மனுஷன்தான் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

அச்சகத்தில் வீணாகும் தாள்களைச் சேர்த்து, தைத்து, துணி அட்டை போட்டு, தங்க எழுத்தில் 'இருந்திருந்தால்' என்று பொறித்து ஒரு நோட்டு வைத்திருந்தார். கையால் தட்டிப் போட்ட கோலை நடுவர் பார்த்திருந்தால்? மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழுந்த பந்து நாலு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால்? பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஆகாயத்துக்கு அடித்த பெனால்டி கொஞ்சம் தாழப் பறந்திருந்தால்? அந்த நோட்டில் உலகக் கோப்பைகள் கைமாறின. அழுத நாடுகள் சிரித்தன. சிரித்த நாடுகள் மூக்கைச் சிந்தின. எல்லாச் சரித்திரமும் கடைசியில் அவருடைய கம்பத்தில் வந்து முட்டியது. அந்தப் பந்து மட்டும் உள்ளே போயிருந்தால் கோப்பை, மாவட்ட அணி, அதை வைத்துப் பெரிய உத்தியோகம், கார், டிரைவர், தாழ்ப்பாள் போட ஒரு தனி ஆள்.

மனைவி உடுப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஆயிரம் சட்டைக்கு நடுவே விட்டுப்போன ஒரு தையலைப் பிடித்துவிடும் கண். அந்தக் கண்ணோடுதான் இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம்.

சென்ற வாரம் அவள் கேட்டாள். "தாழ்ப்பாள் என்னாச்சு?"

"அந்தப் பந்து மட்டும் உள்ள போயிருந்தா, நானா இன்னிக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருப்பேன்?"

"இப்பவும் நீங்க போடலியே."

"ஒரு கலைஞனோட வலி உனக்குப் புரியாது."

"புரியுது. உங்க நோட்டைப் படிச்சேன்."

கம்பத்தார் முகம் மலர்ந்தது. "முழுசாவா?"

"முழுசா. எரநூத்திப் பத்துப் பக்கம். அதுல நான் எந்தப் பக்கத்துல வரேன்?"

கம்பத்தார் நோட்டை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். பெனால்டியைக் கோட்டை விட்ட அன்று அவர் மைதானத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எதிர் அணி கோல்கீப்பர் மனம் பொறுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போய் டீ போடச் சொன்னார். டம்ளரை நீட்டிய தங்கைதான் இவள். பந்து உள்ளே போயிருந்தால் அழுகை இல்லை, டீ இல்லை, இவளும் இல்லை. இத்தனை வருடத்தில் அவருக்கு இது உறைக்கவே இல்லை.

"அட்டைக்குத் துணி நீதானே குடுத்தே," என்றார்.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. வலித்திருக்கிறது. ஆனால் சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"சரி, மறுபடியும் அடிங்க. அதே மைதானம் இருக்கு. எங்க அண்ணன் கீப்பரா நிப்பாரு. உள்ள போனா என்ன பண்ணுவீங்க?"

"ஆளே மாறிடுவேன்!"

"எழுதிக் குடுங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். 'பந்து உள்ளே போனால் தாழ்ப்பாள் போடுவேன். பழைய பந்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்க மாட்டேன்.' கீழே கையெழுத்தும் போட்டார். மை காய்வதற்குள் அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. நடுவர், விசிலும் கையுமாகச் சலூன்காரர். கோலில் மச்சான். ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசைந்து பிசைந்து கை இரண்டும் முறம் மாதிரி இருந்தன. கோலுக்குப் பின்னால் குடையும் பையுமாக மனைவி.

கம்பத்தார் பந்தை வைத்தார். பத்தடி பின்னால் போனார். அங்கேதான் அந்த நினைப்பு வந்து தொலைத்தது. இது உள்ளே போய்விட்டால்?

நாளைக்கு என்ன மாறும்? அதே அச்சகம், அதே பசை, அதே ஊசி. மாவட்ட அணி வந்து கூப்பிடப் போவதில்லை. உத்தியோகம் வராததற்கும், முட்டி வலிக்கும், அரைத்தலை வழுக்கைக்கும் இதுவரை ஒரு கம்பம் இருந்தது. கைகாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். அதுவும் போய்விட்டால் எல்லாவற்றுக்கும் அவரே அல்லவா பொறுப்பு? வாழ்க்கையில் இவ்வளவு தனியாக அவர் நின்றதே இல்லை.

வேண்டாம், தவறவிடுவோம் என்று முடிவு செய்தார். கம்பத்தில் அடிக்கலாம்தான். ஆனால் குறிபார்த்துக் கம்பத்தில் அடிக்கும் அளவுக்கு அவருக்கு ஆட்டம் தெரியாது. ஓடிவந்து, பந்தை மெல்லத் தடவி, நேராக மச்சான் கைக்கே அனுப்பினார். மச்சான் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி நெஞ்சோடு அணைத்தார்.

கம்பத்தார் பெருமூச்சு விட்டார். சோகம் பத்திரமாக இருந்தது.

கோலுக்குப் பின்னால் ஒரு குரல். "அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். மச்சான் முகம் வெளிறியது. பந்தை அணைத்தபடியே ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி வைத்தார். கோட்டைத் தாண்டி, வலையில் முதுகு உரச நின்றார். விசில் ஒலித்தது.

"மச்சான்! என்ன பண்றீங்க?"

"கால் வழுக்கிருச்சு மாப்ள."

"வழுக்கினா விழுவாங்க. நடந்து போவாங்களா?"

"நான் வழுக்கினா இப்படித்தான்."

"இது கோலே இல்ல!" என்று கம்பத்தார் நடுவரிடம் ஓடினார்.

சலூன்காரர் அசையவில்லை. "பந்து கோட்டைத் தாண்டினா கோல்தாண்ணே. யார் தூக்கிட்டுப் போனா என்ன?"

மனைவி நிதானமாக வந்து நோட்டை விரித்தாள். "பந்து உள்ளே போனால்னுதான் எழுதியிருக்கீங்க. யார் கொண்டு போகணும்னு எழுதலியே."

பையைத் திறந்தாள். உள்ளே புதுத் தாழ்ப்பாள், நாலு திருகாணி, திருப்புளி.

இருட்டுவதற்குள் தாழ்ப்பாள் ஏறியது. வேலை இருபது நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அது அவரை இன்னும் நோகடித்தது. சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி, அலமாரி மேல் கிடந்த நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டார். மூன்று வருடத்தில் முதல்முறையாக இருமாமல் உட்கார்ந்தார். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சத்தம் வராமல் கொஞ்சம் அழுதார். இனிப் புலம்பவும் ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது.

கண்ணைத் துடைக்கும்போது சட்டென்று பொறி தட்டியது. பழைய பந்தைப் பற்றித்தானே பேசக்கூடாது? காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி எழுதினார். 'மச்சான் அந்த இரண்டடி பின்னால் வைக்காமல் இருந்திருந்தால்...'

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது. "நிதானமா எழுதுங்க. அலமாரிக் கதவும் தொங்குது. அண்ணன் அடுத்த ஞாயிறும் வரேன்னுட்டாரு."